ஒரு ஓட்டு ஜாஸ்தி

ஓட்டு போட்டுட்டு மை வெச்ச வெரலை ஸ்டேட்டஸ்ல போடுற ஆளுங்க தானே நீங்கள்லாம்? அந்த வெரலை கொஞ்ச நேரம் மடக்கி வெச்சுக்கினு இதைக் கேளுங்க.

சேக்காட்டுல ஒரு ஒன்பதாங் கிளாஸ். சமூக அறிவியல் எடுக்கிற மதிவதனி மிஸ், தேர்தல் பாடத்தை வாசிச்சுக் காட்டாம, கிளாஸ் லீடருக்கு நெஜமாவே எலெக்‌ஷன் வெச்சுட்டாங்க. ஷூ டப்பா தான் ஓட்டுப் பெட்டி. மார்க்கர் பேனா தான் மை.

தேவிப்பிரியா நின்னா. எதுத்து நிக்க ஆளில்ல. கிஷோர் தான் பக்கத்துல குந்தியிருந்த மோகன் கையைப் புடிச்சு மேல தூக்கி உட்டான்.

"டேய், நான் வேணாண்டா."

"சும்மா இரு மாமே. இந்தக் கிளாஸ்ல உன்னை மாதிரி நேர்மையானவன் எவன் கீறான்?"

அது வாஸ்தவம் தான். ஜன்னல் கண்ணாடியை எவன்டா ஒடைச்சதுன்னு பி.டி. சார் கேட்டப்போ, "நான் தான் சார், கூட கிஷோரும்"னு முழுசா சொன்ன ஆளு மோகன்.

மோகனுக்காக பெஞ்சைத் தட்டித் தட்டி கோஷம் போட்டதுல கிஷோருக்குத் தொண்டையே கட்டிக்கிச்சு.

எண்ணினாங்க. தேவிப்பிரியா பேருக்கு நேரா போர்டே ரொம்பிப் போச்சு. மோகனுக்கு ஒன்னே ஒன்னு.

"மிஸ், கிளாஸ்ல கீற தலையை விட ஒரு சீட்டு ஜாஸ்தியா கீது"ன்னா தேவிப்பிரியா.

"கள்ள ஓட்டு"ன்னு கடைசி பெஞ்சுலேர்ந்து ஒரு கொரலு. அத்தினி பேரும் மோகனைத் திரும்பிப் பாத்தாங்க.

மோகன் மூஞ்சி சுண்டிப் போச்சு. "சத்தியமா எனக்கு நானே போட்டுக்கல. அசிங்கமா இருந்துச்சு. தேவிப்பிரியாவுக்குத் தான் போட்டேன்."

கிளாஸே சிரிச்சுது. கிஷோர் எகிறினான்.

"எவன்டா சிரிக்கிறது? என் மச்சான் மேலயே கள்ள ஓட்டு கேஸா? போட்டவன் எவனோ, மருவாதியா எந்திரி."

மிஸ் தொண்டையைக் கனைச்சாங்க. "அது வந்து..." கை மெல்ல பொடவை மடிப்புக்குள்ள போச்சு.

அதையும் மோகன் தான் பாத்தான். அவனுக்குத் தான் வாயை மூடிக்கினு இருக்கத் தெரியாதே.

"மிஸ், உங்க வெரல்லயும் மை கீது."

அத்தினி பேரும் இப்ப மிஸ் கையைப் பாத்தாங்க.

"ஆமாண்டா"ன்னாங்க மிஸ். "எலெக்‌ஷன் டூட்டி பாத்த பழக்கதோஷம். உனக்கு அந்த ஓட்டைப் போட்டதும் கை தானா மை வெச்சுக்கிச்சு. எண்ணுறதுக்கு முன்னாடியே பெட்டியைத் தொறந்து பாத்துட்டேன். உன் பேர்ல ஒரு சீட்டு கூட இல்ல. போர்டுல உனக்கு முட்டை போட மனசு வரலடா. தப்பு என்னோடது தான். அந்த ஓட்டு செல்லாது."

மோகனுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்னா வந்துச்சு. அப்புறம் தான் கணக்கு ஒறைச்சுது. மெதுவா பக்கத்துல திரும்பினான்.

"மச்சான், ஒரு சீட்டு கூட இல்லன்னா... உன் ஓட்டு?"

கிஷோர் ஃபேனைப் பாத்தான். ஃபேன் ஓடல.

"தேவிப்பிரியாவுக்குத் தான் போட்டேன் மாமே. நீ லீடரானா, பேசுறவன் பேருன்னு போர்டுல மொதல்ல என் பேரைத் தானே எழுதுவ."