பாட்டில் எடுக்கப் போனவர்

“தம்பிக்குப் பால் வேணும். சூடு கம்மியா. சர்க்கரை போடக் கூடாது.”

மேசை உயரம்கூட இல்லாத ஒரு சிறுமி, கால்விரல்களில் எம்பி நின்று கேட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வயதுத் தம்பி. அழுது ஓய்ந்து, விக்கிக்கொண்டிருந்தான்.

உல்லாசக் கப்பலில் குழந்தைகளுக்கென்றே இருந்த சாப்பாட்டுக் கூடம் அது. பால் காய்ச்சுவது, கஞ்சி கரைப்பது, பழம் மசிப்பது எல்லாம் ஒரே பெண்தான். சின்னதுகள் அவளைப் பால் அக்கா என்றே கூப்பிடும். உள்ளே அடுப்படியில் மாஸ்டர் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார்.

“தந்துட்டா போச்சு. பாட்டில் கொண்டு வந்தியா செல்லம்?”

“பாட்டில் விழுந்துடுச்சு. அப்பா அதை எடுக்கப் போனாரு.”

“சரி, கப்புல தரேன். அப்பா இப்ப எங்க?”

“தண்ணியில இருக்காரு.”

“நீச்சல் குளத்துலயா? உங்க ரெண்டு பேரையும் விட்டுட்டா?”

“குளத்துல இல்ல.”

மாஸ்டர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். “அட, அந்தத் தண்ணி இல்லம்மா, இந்தத் தண்ணி!” என்று கட்டைவிரலை வாய்க்கு நேரே தூக்கிக் காட்டினார். “பாட்டில் எடுக்கப் போனாராம்ல? எந்தப் பாட்டில்னு எனக்குத் தெரியாதா? விடிஞ்சும் விடியாததுமா ஆரம்பிச்சுட்டாரு மனுஷன்.”

பால் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய அப்பாவும் இதே ரகம்தான். உங்கப்பன் எங்கே என்று தெருவில் கேட்பவர்களுக்கெல்லாம் பதில் சொல்லியே வளர்ந்தவள் அவள். கேட்டவர்கள் எல்லாரும் இப்படித்தான் சிரித்தார்கள்.

“அம்மா இருக்காங்கள்ல?”

“நேத்துலேர்ந்து ஒரே வாந்தி. மாத்திரை போட்டுட்டுத் தூங்கறாங்க. நான் தட்டினேன், எழுந்திரிக்கல. ரூம் கார்டு அப்பாகிட்ட இருக்கு.”

“பொண்டாட்டிக்கு மாத்திரை, இவருக்குப் பாட்டில். ஜோடிப் பொருத்தம் ஜோர்!” என்றார் மாஸ்டர்.

“நீங்க கொஞ்சம் வாயை மூடறீங்களா?”

பாலை ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, பையனை மடியில் உட்கார வைத்துப் புகட்டினாள். பாதிக்கு மேல் சட்டையில் வழிந்தது. கப்பில் குடித்துப் பழக்கமில்லாத பிள்ளை. சிறுமிக்கு முன்னால் பிரெட்டும் முட்டையும் வைத்தாள். அவள் தொடவே இல்லை. கண் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அப்பாவைக் கூட்டிட்டு வாங்கக்கா.”

“தெளிஞ்சா தானா வருவாரு கண்ணு. எங்கப்பாவும் அப்படித்தான்.”

“அவரால தானா வர முடியாதுக்கா.”

“அவ்வளவு மோசமா? உன்கிட்ட கத்தினாரா?”

“ரொம்பக் கத்தினாரு. அப்புறம் சத்தமே வரல.”

பால் அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள். எங்கேயோ சுருண்டு விழுந்து கிடக்கிறான், படுபாவி.

“வேற யார்கிட்டயாவது இதைச் சொன்னியா?”

“தரை துடைக்கிற மாமாகிட்ட சொன்னேன். சிரிச்சாரு. ஜூஸ் கடை ஆன்ட்டிகிட்ட சொன்னேன். வீட்டு விஷயத்தை வெளியில சொல்லக் கூடாதுன்னாங்க.”

அந்த நேரம் வெள்ளை உடுப்பில் கப்பல் அதிகாரி ஒருவர் வாசல் பக்கம் வந்தார். சிறுமி சட்டென்று நாற்காலியிலிருந்து குதித்தாள்.

“அந்தத் தொப்பி மாமாகிட்ட சொல்றேன்!”

பால் அக்கா அவள் கையை எட்டிப் பிடித்தாள். “வேணாம் கண்ணு! அவர்கிட்ட சொன்னா அப்பாவைப் பிடிச்சு அடைச்சு வெச்சிடுவாங்க. அடுத்த கரையில இறக்கி விட்டுடுவாங்க. கப்பல் பூரா தெரிஞ்சா உங்கம்மா எப்படித் தலை நிமிர்ந்து நடப்பாங்க? வாயைத் திறக்காத. நான் இருக்கேன்ல?”

பெரியவர்கள் துணையில்லாமல் குழந்தைகள் வந்தால் அந்த நிமிடமே மேலிடத்தில் சொல்ல வேண்டும் என்பது சட்டம். சட்டம் போட்டவனுக்குக் குடிகாரன் மகளாக இருப்பது எப்படி என்று தெரியுமா? அதிகாரி கூடத்தை ஒரு நோட்டம் விட்டார். “எல்லாம் சரியா இருக்கா?” என்றார்.

“சரியா இருக்கு சார்.”

அவர் போய்விட்டார். சிறுமி மறுபடி நாற்காலியில் ஏறி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. தன் சின்ன வயதில் தனக்கு யாரும் செய்யாத உதவியை இவளுக்குச் செய்துவிட்ட நிறைவு பால் அக்காவுக்கு. வாழைப்பழம் மசித்துப் பையனுக்கு ஊட்டினாள். அவன் தின்றுவிட்டு அவள் தோளிலேயே தூங்கிப்போனான்.

வெயில் ஏறிய பிறகுதான் அந்த அம்மா வந்தாள். கலைந்த தலை, கசங்கிய நைட்டி. சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தாள்.

“இங்கயா இருக்கீங்க? எங்கெல்லாம் தேடறது! அப்பா எங்கடி?”

பால் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நீங்க நல்லாத் தூங்குங்கம்மா. உங்க வீட்டுக்காரர் காலையிலேயே தண்ணியில இருக்காராம். பிள்ளைங்க பாலுக்கு அலையுதுங்க.”

“தண்ணியா? அவரா?” அந்த அம்மா புரியாமல் விழித்தாள். “பக்கத்துல யாராவது குடிச்சிருந்தாலே அந்த வாடை தாங்காம எழுந்து போயிடுவாரே!”

சிறுமி ஓடிப்போய் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். இவ்வளவு நேரம் வராத அழுகை அப்போதுதான் வெடித்தது.

“பாட்டிலை எடுக்கக் கம்பிக்கு அந்தப் பக்கம் இறங்கினாரும்மா, கால் வழுக்கிடுச்சு. அப்பா தண்ணியில இருக்காருன்னு நான் எல்லார்கிட்டயும் சொன்னேம்மா... யாருமே கப்பலை நிறுத்தல.”