வக்கீல் நோட்டீஸ்

பூந்தமல்லி கோர்ட்டில் மூன்று வழக்குகளை முடித்துவிட்டு வந்த களைப்பில் வக்கீல் அதீபா நாற்காலியில் சாய்ந்தாள். போன வருடம் அவள் விவாகரத்து வாங்கித் தந்த மங்களம், ஒரு நாவலை மேஜைமேல் வைத்தாள்.

"இத எழுதினவங்க மேல கேஸ் போடணும் மேடம். என் கதைய அப்படியே எழுதிகீறாங்க."

"உங்க பேர் இருக்கா?"

"பேரு இல்ல. ஆனா புருஷன் தெனமும் என்னை பாத்ரூம்ல பூட்டிட்டு வேலைக்குப் போனது கீது. அத எங்கம்மாகிட்டகூட நான் சொல்லல."

அதீபாவுக்கு மழுப்பத் தெம்பில்லை.

"புனைபெயர்ல எழுதினது நான்தான். பேரை மாத்தினா போதும்னு நெனச்சிட்டேன். மன்னிச்சிடுங்க."

"தெரியும் மேடம். உங்க ஒருத்தர்கிட்டதானே சொன்னேன்?"

மங்களம் ஒரு வெள்ளைத்தாளை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"நோட்டீஸையும் நீங்களே எழுதுங்க. நல்லா எழுதுறீங்க."