சாப்பாட்டு நேரத்து டிவி

மாமனாருக்குக் காது சுத்தமாகப் போய்விட்டது என்று மருமகள் முடிவு கட்டி ஒரு மாதமாகிறது.

பின்னே? மனிதர் சாப்பிட உட்கார்ந்தால் போதும், டிவி அலற ஆரம்பித்துவிடும். மாடி வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து முறைத்துவிட்டுப் போனார். அடுத்த முறை வீட்டு ஓனரிடமே சொல்லிவிடுவாராம். புருஷனிடம் புலம்பினால், வயதாகிவிட்டது, விட்டுத்தள்ளு என்று நழுவிவிடுவான்.

போதாக்குறைக்கு அவருக்குப் புதுப் பல் செட் வேறு. அது வந்த புதிதில், 'கடக் முடக்' என்று அவர் மென்றாலே இவளுக்கு உச்சந்தலை வரை எரியும். போன் வந்த மாதிரி பாவ்லா காட்டி, தட்டோடு அறைக்குள் ஓடிவிடுவாள். பல்லும் போச்சு, இப்போது காதும் போச்சா என்று கடுப்பில்தான் அவரைக் காது டாக்டரிடம் இழுத்து வந்தாள்.

கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார் டாக்டரம்மா. மாமனார் பரிசு கிடைக்கப் போகிற மாதிரி டக் டக்கென்று அழுத்தித் தள்ளினார்.

"காது கணீர்னு கேட்குதும்மா. இந்த வயசுக்கு இது பெரிய விஷயம்."

மருமகள் விடுவதாக இல்லை. வேறு ஏதாவது கோளாறு இருக்குமோ என்று குடைந்தாள்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "காது மந்தம்னா நாம பேசறதே சரியா கேட்காது. சிலருக்கு எந்தச் சத்தம் பலமா வந்தாலும் காது வலிக்கும். இன்னும் சிலருக்குக் காது நல்லாவே இருக்கும். ஆனா யாராவது மெல்லற சத்தம் கேட்டா மட்டும் கோபம் பொத்துக்கிட்டு வரும், எழுந்து ஓடத் தோணும். வீட்ல அதைத் திமிர்னு நினைச்சுக்குவாங்க, பாவம். இவருக்கு இதுல எதுவுமே இல்லை."

மெல்லுகிற சத்தம் என்றதைக் கேட்டு மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாக்டரம்மா மாமனார் பக்கம் திரும்பினார்.

"அப்புறம் ஏன் சார், சாப்பிடும்போது மட்டும் டிவியை அப்படி அலற விடறீங்க?"

மாமனார் மருமகளைப் பார்த்து அசடு வழியச் சிரித்தார்.

"இந்தப் பல் செட்டுதான் டாக்டர். நான் மென்னா சத்தம் போடுது. அது கேட்டாலே இந்தப் பொண்ணு தட்டைத் தூக்கிக்கிட்டு உள்ளே போயிடும். டிவி அலறினா எனக்கும் தலை வலிக்கத்தான் செய்யுது. ஆனா புள்ள எங்களோட உட்கார்ந்து சாப்பிடுதே!"