அடுத்த ஆளு!

"சிரில்!"

காத்தாயியின் குரல் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே பட்டறை வரைக்கும் கேட்டிருக்கும். உள்ளேயிருந்து டாக்டர் சொல்லும் பெயரை வராந்தாவுக்கு வந்து கூப்பிடுவதுதான் அந்த ஆயாவின் வேலை. கூப்பிட்டுப் பதில் இல்லையென்றால், வரவில்லை என்று அடுத்தவரை அழைத்துவிடுவார் டாக்டர். சிரில் எழுந்து உள்ளே போனார்.

புரையோடிய காலோடு பெஞ்சில் இருந்த ரெங்கசாமிக்கு அவளே ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டாள். "காலைத் தூக்கி வெச்சுக்குங்கய்யா."

"நல்ல பொம்பளை" என்றார் ரெங்கசாமி, பக்கத்திலிருந்த நாகையாவிடம். "டாக்டரு வியாழக்கிழமை மட்டுந்தான் வர்றாரு. போன வாரமே பேரு குடுத்து வெச்சுட்டேன். இன்னிக்குக் கீறி விடலைன்னா முட்டியோட எடுக்கணுமாம்."

காத்தாயி மறுபடி வாசலுக்கு வந்தாள். ரயில் ஒன்று நீளமாக ஊதிக்கொண்டு போனது. பெஞ்சுகளை ஒரு முறை பார்த்தாள்; சத்தம் அடங்கியதும் உள்ளே திரும்பினாள்.

"யாரும் பதில் சொல்லலைங்க, டாக்டர்."

"எவனோ வரலை. நமக்கு நல்லதுலா!" ரெங்கசாமி தொடையைத் தட்டிச் சிரித்தார். "நான் கிள்ளான் பக்கம் தோட்டத்து ஆஸ்பத்திரியில மருந்து குடுக்குற டிரஸரா இருந்தப்போ இதே சட்டந்தான் தம்பி. பேரு சொன்னாத்தான் மருந்து. ஒருத்தி புருஷனைக் காய்ச்சல்ல தூக்கியாந்தா. அவனுக்கு நெனவே இல்லை. பேரு என்னாடின்னா வாயே தொறக்கலை. என் நெஞ்சுக்கு நேரா வெரலை நீட்டுறா, கிறுக்கச்சி! போடீன்னுட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்."

"அவன் பொழைச்சானா?"

"யாரு கண்டா?"

"நாகையா!" என்றாள் காத்தாயி. அவர் எழுந்து போனார்.

பிறகு சீதாலெட்சுமி போனாள். பெஞ்சுகள் காலியாயின. பின்பக்கம் மோட்டார் உறுமியது. ரெங்கசாமி நொண்டியபடி முற்றத்துக்கு ஓடுவதற்குள் டாக்டரின் கார் சாலையில் திரும்பி மறைந்தது.

"ஏய்! என்னைக் கூப்பிடவே இல்லையே? டாக்டரு என் பேரைச் சொல்லலையா?"

"சொன்னாருங்கய்யா."

"அப்புறம் கூப்பிடுறதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே?"

காத்தாயி முக்காலியை எடுத்து ஓரமாக வைத்தாள். வெள்ளைச் சேலையின் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு அவர் நெஞ்சுக்கு நேராக விரலை நீட்டினாள்.

"செத்துப்போன எம் புருஷனுக்கும் அதே பேருதாங்கய்யா!"