எர்த் குழிக்குத் தாகம்

ஓடைப்பட்டியில் வெயில் உச்சிக்கு ஏறும் நேரம். அக்கம்மாளின் புது வீட்டுச் சுவரில் மின்பெட்டி திறந்து கிடக்கிறது. வயரிங் செய்த திலீபன் பச்சை எர்த் வயர்களை மட்டும் ஓரமாக வளைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனித் திருகில் இறுக்கியிருக்கிறான். பந்தலில் திராட்சைக் கொடியைப் படரவிட்டதுபோல அத்தனை நேர்த்தி. சோதிக்க வந்த அதிகாரி பேனா முனையால் திருகுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தலையாட்டுகிறார். மீட்டர் வரைக்கும் கரண்ட் வந்து நிற்கிறது. அவர் கையெழுத்துப் போட்டால்தான் வீட்டுக்குள் வரும், நாளை விளக்கு வெளிச்சத்தில் பால் காய்ச்சலாம். குண்டு பல்பின் ஒரு வயரைக் கரண்ட் வரும் ஃபேஸிலும் மறு வயரைப் பச்சையிலும் வைக்கிறார். உள்ளே இழை மட்டும் சிவக்கிறது, வெளிச்சம் இல்லை.

"எர்த் எடுக்கலையேப்பா."

திலீபனுக்கு முகம் விழுந்துவிடுகிறது. "குழி காஞ்சு கெடக்கு சார். ஆத்தா, பின்னாடி எர்த் குழியில தண்ணி ஊத்துங்க!"

அதிகாரிக்குக் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர்ச் சொம்போடு அக்கம்மாள் அப்படியே ஓடுகிறாள். உப்பும் கரியும் போட்டுக் குழாய் புதைத்த மண், தண்ணீரை உறிஞ்சும் சத்தம் ஜன்னல் வழியே கேட்கிறது. அடுத்து ஒரு குடம்.

"ஏறுதா?"

இழை மஞ்சளாகி, வெளுத்து, மீட்டர் மூலை முழுக்கப் பளீரென்கிறது. "ஏறுது ஆத்தா, ஏறுது!"

அதிகாரி சிரித்துக்கொண்டே கையெழுத்திடுகிறார். வெளியே இன்னொரு குடம் கவிழ்கிறது.

"போதும்மா, கையெழுத்துப் போட்டாச்சு!"

"இருக்கட்டும் சார். எத்தன நாளா தவிச்சுக் கெடந்துச்சோ. வயிறாரக் குடிக்கட்டும்."

பேனாவை மூடிக்கொண்டு நிற்கும் அதிகாரிக்குத்தான் இன்னும் ஒரு வாய் தண்ணீர் கிடைக்கவில்லை.