வேணியக்கா தந்த சாக்ஸபோன்

சொந்த சாக்ஸபோன் இல்லாமல் கமலேஷ் ஒரு வருடம் இரவல் வாங்கியே மேடையேறினான். அதைக் கேள்விப்பட்டு, ஊட்டி பக்கம் கேத்தியில் கேரட் போடும் வேணியக்கா புத்தம் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தாள்.

“தினமும் சாயங்காலம் நம்ம தோட்டத்துலயே பழகுங்க தம்பி. அது போதும்.”

குளிரில் விரல் விறைத்தாலும் அவன் ஒரு நாளும் தவறவில்லை. முதலில் பிசிறடித்த வாசிப்பு எட்டு மாதத்தில் மெருகேறியது. ஊட்டி ஓட்டல்களில் கைதட்டினார்கள்.

ஒரு சாயங்காலம் வேணியக்கா வந்து நின்று அவன் வாசிப்பைக் கேட்டாள். முகம் தொங்கிப்போனது.

“ஏனுங்கக்கா, நல்லா இல்லீங்களா?”

“ரொம்ப நல்லா இருக்குதுங்க தம்பி. அதுதான் கஷ்டம். முன்னெல்லாம் நீங்க ஊதுனா காட்டெருமை தெறிச்சு ஓடும். இப்ப நின்னு, கேரட்டைத் தின்னுட்டே கேக்குதுங்க.”