வெள்ளைக் காலுறை

மண்ணெண்ணெய் டின்னோடு ஹனித்ராவின் வாசலில் நின்றான் ரட்சிம்பா.

உள்ளே அவளுடைய ஒரு வருஷத்து நெல் இருந்தது. அவள் புருஷன் பிளேக்கில் செத்த வீடு. குலக் கல்லறையில்கூட அவனைச் சேர்க்கவில்லை; ஊருக்கு வெளியே தனியாகப் புதைத்தார்கள். இப்போது வீட்டையும் கொளுத்தச் சொன்னார்கள்.

சொன்னார்கள் என்ன, சொன்னவன் ரட்சிம்பாதான். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

எங்கள் மேட்டுநிலத்தில் அவனுக்குப் பெரிய பெயர். அறுப்புக்கு முன்னால் விஷம் வைத்துத் தன் வீட்டு எலிகளை ஒன்றுவிடாமல் ஒழித்தவன். வால்களை நறுக்கி வாசல் நிலையில் தோரணமே கட்டிவிட்டான். ஹனித்ராவுக்கு அடுத்த வீடு அவனுடையது.

போன வாரம் பூச்சிமருந்துப் பொடி தூவ வந்த சுகாதாரக்காரர் அவனிடம் பொறுமையாகத்தான் சொன்னார். நோயைக் கொண்டுவருவது எலி மேலிருக்கும் தெள்ளுப்பூச்சி. எலி செத்தால் அது சூடான உடம்பு தேடி மனிதன் மேல் தாவும். அதனால் முதலில் தெள்ளு, பிறகுதான் எலி.

ரட்சிம்பா விழுந்து விழுந்து சிரித்தான். “எலியே இல்லாத வீட்டுக்கு எதுக்குய்யா பொடி? போய் வேற வேலையப் பாரு!”

ஹனித்ரா மூலைமுடுக்கெல்லாம் தூவச் சொன்னாள்.

இன்று அவர் ஒரு ஜோடி வெள்ளைக் காலுறையோடு வந்திருந்தார். முழங்கால் வரை ஏறும். அதைப் போட்டுக்கொண்டு உள்ளே மெல்ல நடந்துவிட்டு வர வேண்டும். தெள்ளு இருந்தால் தாவி ஒட்டும், வெள்ளையில் கறுப்பாகத் தெரியும். ஒரு புள்ளி தெரிந்தாலும் கொளுத்திவிடலாம் என்றார் ஊர்த்தலைவர்.

ஹனித்ரா சுகாதாரக்காரர் கையிலிருந்து காலுறையைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

ஊரே வாசலை நெருங்கி நின்றது.

வெளியே வந்து, வெயிலில் நின்று, துணியை முழங்கால் வரை தூக்கினாள். எல்லோரும் குனிந்தோம்.

வெள்ளை. அடியில் மட்டும் கொஞ்சம் செம்மண்.

அப்படியொரு கூச்சலை எங்கள் ஊர் கேட்டதில்லை. தலைவரே கை தட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ரட்சிம்பாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. “காலுறையில மருந்து தடவியிருப்பான். நம்பாதீங்க!”

பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. “அப்ப அதே காலுறையோட பக்கத்து வீட்டுல ஒரு நடை போய்ட்டு வரட்டுமே!”

கூட்டம் சிரித்தது. இனி பின்வாங்கினால் மானம் போகும். காலுறையை வாங்கி மாட்டிக்கொண்டு, தோரணத்துக்குக் கீழே தலைநிமிர்ந்து தன் வீட்டுக்குள் போனான்.

வரும்போதே பேசிக்கொண்டு வந்தான். யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

கணுக்காலிலிருந்து முழங்கால் வரை, மிளகைப் பொடித்துத் தூவியது போல. சில தாவவும் செய்தன.

கூட்டம் பத்தடி பின்னால் போனது. ஹனித்ரா எலிவால் தோரணத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த சுவரைப் பார்த்தாள். அவள் புருஷன் படுத்திருந்தது அந்தச் சுவரோரம்தான்.

தலைவர் மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கித் தன் பின்னால் வைத்துக்கொண்டார்.

சுகாதாரக்காரர் பொடி டப்பாவைத் திறந்தார். “வீட்டுக்காரங்க யாராவது சொல்லுங்க. தூவலாமா?”

எலிகளை ஒழித்த வீரன் குனிந்து காலுறையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனேன். பின்னாலிருந்து குரல் கொடுத்தவளும் நான்தான். அறுப்பிலிருந்து நானும் பிள்ளைகளும் சொறிந்துகொண்டு கிடக்கிறோம். சொன்னால் யார் கேட்டார்கள்?

“என் வீடுதான். உள்ள வாங்க,” என்றேன். “பிள்ளைங்க படுக்கிற இடத்துல முதல்ல தூவுங்க.”

என் புருஷன் காலுறையோடு ஓரமாக ஒதுங்கி வழிவிட்டான்.